விதியைக் கையில் வைத்திருப்பவர்கள்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தின் பெயர்ப் பலகைகளில் இரண்டு கல்வி நிர்வாகிகள் இருக்கிறார்கள். பகுதியின் பெயரில் செட்டிநாட்டரசர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். அடையாற்றின் மேல் திரு.வி.க. பாலத்தைத் தாண்டி வடக்கே வந்ததும் கிடைக்கும் சாலையின் பெயரில் துர்காபாய் தேஷ்முக். ஒருவர் வங்கியும் வணிகமும் அறிந்த பெருந்தனவந்தர், சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தையே எழுப்பியவர். மற்றவர் எட்டு வயதில் மணமுடிக்கப்பட்டு, பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு வெளியேறி, பிறகு தனித் தேர்வராக எழுதி எழுதிப் படித்து வழக்கறிஞரானவர். நிர்வாகத்தில் இருவரும் சாதித்தார்கள். ஆனால் அண்ணாமலைச் செட்டியார் வகுத்த ஏற்பாடு 84 ஆண்டுகளில் அரசின் கைக்குப் போயிற்று. துர்காபாய் மயிலாப்பூர்ப் பக்கத்தில் சில பெண்களுக்கென்று தொடங்கிய முறை நாடு தழுவிய திட்டமாயிற்று. இந்த வேறுபாட்டை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிவிடலாம். எனக்கு அது போதவில்லை.

கல்வி நிர்வாகிக்கு இருக்க வேண்டிய குணங்கள் என்று பி.எட். பாடநூல்கள் ஒரு பட்டியல் தரும்: நேர்மை, கண்டிப்பு, பொறுமை, முன்மாதிரியாக நடத்தல். யாரும் மறுக்க முடியாத பட்டியல். அதனாலேயே பயன் குறைந்தது. தலைமைப் பண்பை ஆராய்ந்தவர்களும் பட்டியலில் நெடுங்காலம் சிக்கிக் கிடந்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் ரால்ஃப் ஸ்டாக்டில் 1948இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, குறிப்பிட்ட சில குணங்கள் இருப்பதாலேயே ஒருவர் தலைவராகிவிடுவதில்லை, சூழலோடு சேர்த்துத்தான் அவற்றை எடைபோட வேண்டும் என்றார். 2002இல் திமோத்தி ஜட்ஜும் உடன் ஆய்வாளர்களும் மனித ஆளுமையை ஐந்து பெருங்குணங்களாகப் பிரித்துப் பார்த்தபோது, நாலு பேரோடு கலகலப்பாகப் பழகும் குணமே தலைமையோடு பெரும்பாலும் சேர்ந்து வருவதாகக் கண்டார்கள். பள்ளித் தலைமையைப் பற்றி 2008இல் எழுதிய கென்னத் லீத்வுட் குழு வேறு சிலவற்றைச் சொன்னது: திறந்த மனம், பிறரிடம் கற்றுக்கொள்ளத் தயங்காமை, விடாப்பிடி, நம்பிக்கை. அதே ஆண்டில் விவியன் ராபின்சன் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஆசிரியர்களின் பயிற்சியில் தானும் உட்கார்ந்து கற்கும் தலைமை ஆசிரியரின் பள்ளியில்தான் மாணவர் கற்றல் மிகுதியாக உயர்கிறது என்றது அது. ஆசிரியர்களை வட்டார வளமையப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு அலுவலகத்தில் இருக்கும் நம் தலைமை ஆசிரியர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இவை அனைத்திலும் ஒன்று விடுபடுகிறது. நம் ஊர்க் கல்வி நிர்வாகி பெரும்பாலும் விதிகளோடு வாழ்பவர். அரசாணை, செயல்முறை, சுற்றறிக்கை, தணிக்கைத் தடை ஆகியவற்றுக்கு நடுவில்தான் அவருடைய பகல் கழிகிறது. அவர் நல்லவரா, கோபக்காரரா என்பதைவிட, விதியை அவர் எப்படிக் கையாளுகிறார் என்பதுதான் கீழே இருக்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உறைக்கிறது. யாருக்காக வளைக்கிறார்? யாருக்காக வளைக்க மறுக்கிறார்? எப்போது விதியையே மாற்ற எழுதுகிறார்? ஒருவரின் மனப்பான்மையை இந்த மூன்று கேள்விகளும் காட்டும் அளவுக்கு எந்த ஆளுமைத் தேர்வும் காட்டாது என்பது என் கணிப்பு.

துர்காபாயைப் பற்றிய புகழ்பெற்ற கதை 1923இல் காக்கிநாடாவில் நடந்தது. காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஒரு கண்காட்சி. சீட்டு இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது தொண்டர்களுக்கு இடப்பட்ட உத்தரவு. வாசலில் நின்ற பதினான்கு வயதுப் பெண், சீட்டில்லாமல் வந்த ஜவகர்லால் நேருவைத் தடுத்துவிட்டார். ஏற்பாட்டாளர்கள் பதறி ஓடிவந்து சீட்டு வாங்கிக் கொடுத்த பிறகே அவர் உள்ளே போனார். அந்தப் பெண்ணைப் பாராட்டவும் செய்தார். இதை நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் துர்காபாய் ஒரு கறாரான வாயிற்காவலர், அவ்வளவுதான். கறாரான வாயிற்காவலர்களுக்கு நம் கல்வித் துறையில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அவர் வாழ்க்கையின் மறுபாதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதைக்குப் பொருள் வருகிறது.

பள்ளியை விட்டு வந்தவர் ராஜமுந்திரியில் பெண்களுக்கென்று இந்திப் பாடசாலை நடத்தினார். உப்புச் சத்தியாகிரகக் காலத்தில், 1930க்கும் 1933க்கும் இடையில் மூன்று முறை சிறைக்குப் போனார். அங்கே தாம் எந்தச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டோம் என்றே அறியாத பெண் கைதிகளைக் கண்டதுதான் அவரைச் சட்டப் படிப்பின் பக்கம் திருப்பியது. வெளியே வந்து காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் தேர்வைத் தனியாகப் படித்து எழுதினார். பி.ஏ. சேர ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது துணைவேந்தர் சி.ஆர். ரெட்டி தயங்கினார், பெண்களுக்கு விடுதி இல்லை என்பது காரணம். ரெட்டி சிறிய மனிதர் அல்லர், தெலுங்கு இலக்கியத்திலும் கல்வியிலும் பெரும் புள்ளி. ஆனாலும் அவர் வாயில் வந்தது எல்லா அலுவலகங்களிலும் வரும் பதில்தான்: வசதி இல்லை, ஆகவே இடம் இல்லை. துர்காபாய் நாளிதழில் விளம்பரம் கொடுத்து, தம்மைப் போலப் படிக்க விரும்பிய பெண்களைத் தேடிச் சேர்த்து, விடுதி ஒன்றைத் தாமே ஏற்பாடு செய்துகொண்டு திரும்பி வந்தார். தடையாகச் சொல்லப்பட்ட காரணம் போய்விட்டதால் சேர்க்கை கிடைத்தது. ரெட்டியையும் இங்கே பாராட்ட வேண்டும். ஒரு காரணம் தீர்ந்ததும் அடுத்த காரணத்தைக் கண்டுபிடிக்காத அதிகாரி அவர்.

பிறகு சென்னைச் சட்டக் கல்லூரி. 1942இல் வழக்கறிஞர் பதிவு. இதற்கிடையில் 1937இல் மயிலாப்பூரில் அவர் தொடங்கிய சிறுமியர் குழு, ஆந்திர மகிளா சபையாக வளர்ந்தது. அதன் தொடக்க காலப் பணிகளில் முக்கியமானது, பள்ளிக்குப் போக முடியாமல் நின்றுவிட்ட பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, காசிப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் தேர்வுக்கு அனுப்பியது. சென்னையில் இருக்கும் பெண் சென்னையில் தேர்வு எழுத முடியாமல் காசித் தேர்வுக்குத் தயாராக வேண்டியிருந்தது என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். இங்கிருந்த விதி பள்ளியில் வரிசையாக வகுப்பேறி வந்தவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. காசியின் விதியில் ஒரு சந்து இருந்தது. துர்காபாய் தாம் நுழைந்த சந்தின் வழியாகவே மற்றப் பெண்களையும் அழைத்துப் போனார்.

1953இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானபோது அவர் கையில் விதியெழுதும் அதிகாரம் வந்தது. அந்தச் சந்தை வாசலாக்கினார். 1958இல் வாரியம் வயது வந்த பெண்களுக்கான சுருக்கப் படிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சிறு வயதில் படிப்பை விட்டவர்கள், கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் ஆகியோர் பல ஆண்டுப் பாடத்தை ஏறத்தாழ இரண்டு ஆண்டில் முடித்துத் தேர்வு எழுதி, கிராமசேவிகையாகவோ ஆசிரியையாகவோ செவிலியாகவோ போகலாம். அதே 1958இல் அமைந்த பெண் கல்விக்கான தேசியக் குழுவுக்கும் அவரே தலைவர். மறு ஆண்டு வந்த அறிக்கை, பெண் கல்வியைப் பொதுக் கல்வியின் ஒரு மூலையாக வைக்காமல் இன்னும் பல ஆண்டுகளுக்குத் தனிப் பிரச்சினையாகவே நடத்த வேண்டும் என்றது. கிராமத்துப் பள்ளிக்குப் பெண் ஆசிரியர் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு, அவர் குடியிருக்க அங்கே வீடு கிடைக்கிறதா என்று பார்க்கும் அளவுக்கு அந்தக் குழு தரையில் நின்று யோசித்தது. விடுதி இல்லை என்ற பதிலை வாங்கியவர் தலைமை தாங்கிய குழுவுக்கு அது தோன்றியதில் வியப்பில்லை.

இப்போது காக்கிநாடாவுக்குத் திரும்பிப் பார்க்கலாம். பெரியவருக்காக விதியைத் தளர்த்த மறுத்த அதே மனம்தான், வாசல்வரை வர முடியாதவருக்காக விதியைத் திருத்தியும் எழுதியது. நம் அலுவலகங்களில் நாம் அன்றாடம் பார்ப்பது இதன் நேர் எதிர். அமைச்சர் வீட்டுத் தொலைபேசிக்கு விதி இளகும். படிப்பை விட்ட பெண்ணின் மனுவுக்கு இறுகும்.

அண்ணாமலைச் செட்டியாரிடம் வேறொரு குணம் தெரிகிறது. 1920இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரி; பிறகு தமிழ்க் கல்லூரி, இசைக் கல்லூரி. இவற்றையும் சேர்த்து 20 லட்சம் ரூபாய் கொடை தந்ததால் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. பணம் கொடுத்தவர்கள் பலர் உண்டு. ஆளைத் தெரிந்தெடுக்கும் கண் அவருக்குத் தனியாக இருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாத உ.வே. சாமிநாதையரை 1924இல் தமிழ்க் கல்லூரியின் முதல்வராக அழைத்து வந்தார்கள். இலங்கை மட்டக்களப்பிலிருந்து வந்த விபுலானந்த அடிகள் 1931இல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். 1935இல் துணைவேந்தராக வந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர். தம்மைவிட அறிந்தவரை அழைத்து வந்து அவர் கீழே வேலை நடக்க விடுவது பணக்கார நிறுவனருக்கு எளிதான காரியமன்று.

ஆனால் அந்தக் கண்ணைச் சட்டத்தில் எழுதியபோது சிக்கல் வந்தது. துணைவேந்தர் பதவிக்கு மூவர் பட்டியலை நிறுவனர் தருவார், வேந்தர் அதிலிருந்து ஒருவரை நியமிப்பார். நிறுவனரே இணைவேந்தர், அந்த உரிமை அவர் வாரிசுக்கும் போகும். ஒருவரிடம் இருந்த மதிப்பிடும் திறமை, குடும்பச் சொத்தைப் போலக் கைமாறும் என்று சட்டம் நம்பியது. 2012ஆம் ஆண்டின் இறுதியில் பல்கலைக்கழகம் சம்பளம் போட முடியாத நெருக்கடியில் இருந்தது. ஊழியர்களும் ஆசிரியர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். மொத்தம் 12,000க்கும் மேற்பட்டவர்கள் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். தேவை அதில் ஒரு பகுதிதான். 2013இல் அரசு ஒரு நிர்வாகியை அமர்த்தி, புதிய சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது. மிகையாக இருந்த ஆயிரக்கணக்கானோரை அரசுக் கல்லூரிகளுக்கும் பிற துறைகளுக்கும் பிரித்து அனுப்பும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் நிறுவனர் உரிமையின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர் உள்ளே இல்லாதபோது ஆள் சேர்ப்பு எப்படிப் பெருகும் என்பதற்குச் சிதம்பரம் ஒரு பாடம்.

ராஜா அண்ணாமலைபுரத்திலேயே, அமைச்சர்களின் அரசு இல்லங்கள் இருக்கும் கிரீன்வேஸ் சாலையில் பிராடி காசில் என்ற பழைய மாளிகை இருக்கிறது. 1949இல் தொடங்கிய மத்தியக் கர்நாடக இசைக் கல்லூரி பின்னர் இங்கே குடிவந்தது. 2013இல் ஏற்பட்ட தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமும் இங்கேதான். கல்லூரியின் முதல் தலைவராக இருந்த முசிரி சுப்பிரமணிய ஐயர் மேடையில் புகழின் உச்சியைத் தொட்டவர். குருவின் வீட்டில் இருந்து கற்ற கலையை, மணியடித்து வகுப்பு மாற்றும் கல்லூரிக்குள் கொண்டுவர வேண்டிய வேலை அவருடையது. வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா அந்தக் கல்லூரியில் கற்பித்தார். சான்றிதழ் கேட்கும் வழக்கமான தகுதி விதியோடு பார்த்தால் அந்தத் தலைமுறைக் கலைஞர் பலர் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இன்றைய தேர்வு வாரிய விளம்பரத்தில் அப்படி ஒரு இடம் வருமா என்று கேட்டால், வராது.

நிறுவனர்களையும் கலைஞர்களையும் பற்றிப் பேசினால் ஓர் எதிர்வாதம் எழும்: அவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், துறைக்குள் வளர்ந்த அதிகாரியால் என்ன செய்ய முடியும்? அதற்கான பதில் நெ.து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்தவர். பஞ்சாயத்து அலுவலர், பள்ளித் துணை ஆய்வாளர் என்று படிப்படியாக ஏறி, 1954இல் பொதுக் கல்வி இயக்குநரானார். இவர் பொறுப்பேற்ற நேரம் கவனிக்கத் தக்கது. அதற்கு முந்தின ஆண்டுதான் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற திட்டத்தைச் சட்டமன்ற விவாதத்துக்கு விடாமல் அவசரமாக நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. குலக்கல்வி என்று பெயர் பெற்ற அந்தத் திட்டம் தமிழ்நாட்டையே கொதிக்க வைத்தது. ராஜாஜி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போயிற்று. கோபம் அடங்காத ஊர்களுக்குள் பள்ளித் துறை மறுபடியும் நம்பிக்கையோடு நுழைய வேண்டியிருந்தது.

சுந்தரவடிவேலு தனிவாழ்வில் பெரியார் வழி நின்றவர். சுயமரியாதை இயக்கத்தின் குத்தூசி குருசாமியின் மைத்துனியை மணந்தவர். காங்கிரஸ் முதல்வரின் கீழ் இயக்குநராகப் பணிபுரிந்த அவரை, 1969இல் தி.மு.க. ஆட்சி சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக்கியது. தம் கொள்கையை ஒளிக்காமலும் அலுவலகக் கோப்பில் அதைத் திணிக்காமலும் இருக்க அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த நிதானம் இன்று அரிது. தலைமைச் செயலகத்தில் ஆட்சி மாறினால் கல்வி வளாகத்தில் நாற்காலிகள் மாறுவதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம்.

பள்ளி மதிய உணவில் அவருடைய பங்கு பரவலாகத் தெரிந்ததுதான். பசியோடு இருக்கும் பிள்ளை பள்ளிக்கு வராது என்று காமராசர் கண்டார். அதற்கு நிதித் துறை பணம் இல்லை என்று சொல்லும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். சுந்தரவடிவேலு செய்தது, அரசாணை வரும்வரை காத்திராமல் ஊர்க்காரர்களிடம் போனதுதான். ஊரார் அரிசியும் விறகும் காய்கறியும் தந்து சில பள்ளிகளில் உணவு போடத் தொடங்கினார்கள். நடந்துகாட்டிய பிறகு 1956இல் அரசு உதவித்தொகையோடு திட்டம் முறைப்படி வந்தது. அப்போதும் செலவில் ஒரு பங்கு ஊருடையது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இதே வழிதான். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஊரே பட்டியல் போடும். கரும்பலகை, நாற்காலி, சுற்றுச்சுவர், சீருடை என்று ஆளுக்கொன்றை ஏற்றுக்கொள்வார்கள். மாநாட்டு நாளில் இயக்குநர் வந்து நன்கொடையாளர் பெயரை மேடையில் படிப்பார். அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இவை நடந்தன. இயக்குநர் என்றால் ஆய்வுக்கு வருபவர், குறை எழுதிவிட்டுப் போகிறவர் என்று இருந்த எண்ணத்தை இந்தப் பயணங்கள் மாற்றின. அவருடைய தன்வரலாறான ‘நினைவு அலைகள்’ மூன்று பெருந்தொகுதிகள். அலுவலக வாழ்க்கையை இவ்வளவு விரிவாக எழுதி வைத்த கல்வி அதிகாரி தமிழில் வேறொருவர் இல்லை என்றே நினைக்கிறேன்.

இதிலும் ஒரு குறை உண்டு. ஊரார் கொடையை நம்பிய உணவு, கொடுக்க வசதியில்லாத ஊரில் மெலிந்துதான் இருந்திருக்கும். எந்த ஊரில் பசி அதிகமோ அங்கேதான் அரிசி குறைவு. இயக்குநரின் உற்சாகம் இருக்கும்வரை ஓடுகிற ஏற்பாட்டை, அவர் போன பிறகும் ஓட வைக்க வேறொன்று வேண்டும். 1982இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டமாக அதை விரித்தபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனிப் பணியிடங்கள் வந்தன, முழுச் செலவும் அரசுடையதாயிற்று. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஒரு மனிதரின் சுபாவத்தில் தொடங்கியது பணியிடமாகவும் பட்ஜெட் தலைப்பாகவும் மாறியதால்தான் இன்று அது யாருடைய சுபாவத்தையும் நம்பி நிற்கவில்லை. சிதம்பரத்தில் நடக்காமல் போனது இதுதான்.

சுந்தரவடிவேலுக்கு முன் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். மகப்பேறு மருத்துவர், 1952–53இல் இந்திய இடைநிலைக் கல்விக் குழுவின் தலைவர். ஆற்றல் மிக்கவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே மனிதரின் விருப்புவெறுப்பே ஒரு பல்கலைக்கழகத்தின் பருவநிலையாகிவிடும் அளவுக்கு 27 ஆண்டுகள் நீளமானவை. இப்போது நாம் மறுகரைக்கு வந்திருக்கிறோம். மாவட்ட அளவில் முதன்மைக் கல்வி அலுவலர் ஒருவர் தம் மாவட்டத்துப் பள்ளிகளை ஒரு சுற்றுப் பார்த்து முடிப்பதற்குள் மாற்றல் ஆணை வந்துவிடுகிறது.

இன்றைய கல்வி அதிகாரியின் மனநிலையைப் பற்றி நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. யாமினி அய்யரும் ஷ்ராயனா பட்டாச்சார்யாவும் வட்டாரக் கல்வி அலுவலர்களைப் பற்றி எழுதிய அந்தக் கட்டுரை அவர்களுடைய அலுவலகத்தை அஞ்சலகம் என்கிறது. மேலிருந்து வரும் உத்தரவைக் கீழே அனுப்புவதும், கீழிருந்து கேட்கும் தகவலை மேலே அனுப்புவதும்தான் தம் வேலை என்று அந்த அலுவலர்களே தங்களைப் பற்றி நினைக்கிறார்கள். தம்மிடம் அதிகாரம் எதுவும் இல்லை என்பது அவர்களின் உண்மையான உணர்வு. ஆனால் அதே அலுவலர் பள்ளி வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது, ஆசிரியரின் கண்ணுக்குத் தெரிவது அதிகாரம் மட்டும்தான்.

இதை எந்தத் தமிழ்நாட்டு ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்கலாம். ஆண்டாய்வு என்றால் ஒரு வாரம் முன்பிருந்தே பதிவேடுகளுக்கு அட்டை போடப்படும். பாடக்குறிப்பு விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து எழுதப்படும். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒத்திகை நடக்கும். ‘பி.இ.ஓ. என்ன கேப்பாரு?’ என்று வட்டாரக் கல்வி அலுவலரைப் பற்றியதுதான் கேள்வி. பிள்ளைக்கு என்ன வரவில்லை என்பதற்கு அந்த வாரம் நேரம் இருக்காது. மெமோவுக்கும் ‘பதினேழு பி’க்கும் உள்ள அச்சம் தனி. ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் ஒரு பிரிவான அது, ஆசிரியர் பேச்சில் ஒரு நோயின் பெயரைப் போலப் புழங்குகிறது. பதவி உயர்வுப் பட்டியல் வெளிவரும் நேரத்தில் ஒரு 17 பி நிலுவையில் இருந்தால் ஆண்டுகள் போய்விடும் என்பதால், அதை வைத்திருப்பவர் அதைக் கொடுக்கவே வேண்டியதில்லை, கையில் வைத்திருந்தாலே போதும். பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் விவரம் ஏற்றும் வேலையும் இப்படித்தான்: பள்ளி சிறந்த பள்ளியா என்று கேட்டால், ‘டேட்டா எல்லாம் ஏத்தியாச்சு சார்’ என்று பதில் வருகிறது.

கேட்கப் போனால் அதிகாரியும் பாவம்தான். சென்னைக் கல்லூரிச் சாலையில் உள்ள பள்ளிக் கல்வி இயக்கக வளாகத்தில், தென்மாவட்டத்திலிருந்து இரவுப் பேருந்தில் வந்திறங்கி, பை தோளில் தொங்க, பிரிவு எழுத்தரின் மேசை முன் நிற்கும் ஆசிரியரிடம் ‘தபால்ல போட்டுட்டுப் போங்கம்மா, பாக்கலாம்’ என்று சொல்பவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அவரும் அந்த வாக்கியத்தைக் கேட்டே வளர்ந்தவர். அக்ஷய் மங்லா 2022இல் வெளியிட்ட நூல் இங்கே உதவுகிறது. ஒரே நாடு, ஒரே கல்விச் சட்டம், ஏறத்தாழ ஒரே அலுவலக அமைப்பு. ஆனால் இமாச்சலத்தில் அதிகாரிகள் தங்களுக்குள்ளும் ஊராரோடும் கலந்துபேசி விதியை இடத்துக்கேற்பப் பொருள்கொள்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் எழுத்துப்படி நடந்ததைக் காட்டுவதே கடமை என்று ஒதுங்குகிறார்கள். ஒருவர் பிறவியில் கொண்டுவந்த குணத்தை அலுவலகத்தின் பழக்கம் தின்றுவிட முடியும், ஊட்டி வளர்க்கவும் முடியும் என்பதுதான் அந்த நூலிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. காமராசர் இல்லாத இடத்தில் சுந்தரவடிவேலும் தபாலில் போடச் சொல்லியிருக்கலாம்.

தமிழ்நாட்டில் கல்வி நிர்வாகத்தைப் பற்றிய விவாதம் வேறு திசையில் நடந்தது. 2021இல் பள்ளிக் கல்வி இயக்குநர் பதவியின் அதிகாரங்களை ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஆணையரிடம் அரசு கொடுத்தது. ஆசிரியராகத் தொடங்கி மேலே வந்தவருக்குத்தான் வகுப்பறை தெரியும் என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. 2023இல் இயக்குநர் பதவி மீண்டது. சங்கங்களின் வாதத்தில் பாதி எனக்கு உடன்பாடு. மீதிப் பாதியில் ஒரு சங்கடம்: இன்று மேலே வரும் ஆசிரியர் எதனால் மேலே வருகிறார்? பணிமூப்பாலும் துறைத் தேர்வுகளாலும்தான். தலைமை ஆசிரியர் ஆக விரும்புகிறவர் கணக்குத் தேர்வும், பள்ளித் துணை ஆய்வாளர் தேர்வும் எழுதித் தேற வேண்டும். பயணப்படி எப்படிப் போடுவது, மான்யம் எப்படிக் கணக்கிடுவது, பதிவேடுகள் எவை என்று இவை கேட்கும். கேட்க வேண்டியவைதான், கணக்குத் தெரியாத தலைமை ஆசிரியர் பள்ளியைத் தணிக்கையில் மாட்டிவிடுவார். ஆனால் முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவர் நிர்வாகத்துக்குள் நுழையும் வாசலில், கற்பித்தல் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கேட்க வேண்டுமென்றால் புதிய தேர்வு எதுவும் தேவையில்லை. எமிஸ் தளத்தில் ‘காமன் பூல்’ என்றொரு பகுதி உண்டு. பள்ளியிலிருந்து பெயர் நீங்கிய மாணவர், வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும்வரை அதில் இருப்பார். இடம் மாறிப் போனவர்களும், செங்கல் சூளைக்குப் போனவர்களும், பதினாறு வயதில் மணமாகிப் போனவர்களும் அங்கே ஒரே பட்டியலில் கிடக்கிறார்கள். ஆண்டாய்வுப் படிவத்தில் அந்தப் பட்டியலுக்கென்று ஒரு பக்கம் சேர்க்கலாம்: இந்தப் பள்ளியிலிருந்து அதற்குள் போன பிள்ளைகள் யார், தலைமை ஆசிரியர் யார் யாரை வீடு தேடிப் பார்த்தார், அவர்களை மீண்டும் சேர்க்க எந்த விதி தடுத்தது, அந்த விதியைப் பற்றி அவர் மேலே எழுதினாரா, மேலே இருந்தவர் என்ன பதில் தந்தார். கடைசி இரண்டு கேள்விகளுக்கான பதிலை வட்டாரக் கல்வி அலுவலர் முதல் இயக்குநர் வரை ஒவ்வொருவரின் பணிப்பதிவேட்டிலும் ஒட்டலாம். இதையும் ஒத்திகை பார்த்து, அட்டை போட்டு நிரப்பிவிடுவார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். நிரப்பட்டும். பெயர் எழுத வேண்டுமென்றால் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்றாவது ஒருவர் விசாரித்திருக்க வேண்டும்.